ஓட்டுக்குள்ளும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், இரட்டை ஓட்டுக்குள் வாழும் சிற்றுயிரும் நண்டு, இறாலின் உறவுமான ஆஸ்ட்ரகோடு பற்றிய கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் அத்தனையிலும் ஓடுதான். உள்ளே வாழும் உயிரியைக் காணோம். ஓட்டின் வடிவத்தை வைத்தே இவற்றை வகைப்படுத்திவிடலாம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

புதைபடிவம் ஆராய்பவர்களுக்கு வேறு வழியில்லை. மெல்லுடல் அழுகிவிடும், சுண்ணாம்பு ஓடு மட்டும் மிஞ்சும். உயிருள்ளவற்றை ஆராய்பவர்களுக்கு அந்தச் சாக்கு ஏது? பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய உடல்தான். ஊசிமுனையால் ஓடுகளை விலக்கி, கிளிசரின் துளியில் உறுப்புகளைப் பிரித்து வைத்தால் கதையே மாறிவிடும். ஆஸ்ட்ரகோடுகளின் ஒரு பெரும் பிரிவான மயோடோகோப்பிடா வரிசையில் இரண்டாம் உணர்கொம்புதான் துடுப்பு. அதன் பருத்த அடிப்பகுதி முழுக்கத் தசை. கொம்பு இரண்டாகக் கிளைக்கிறது; வெளிக்கிளையில் நீண்ட தூவிகள் (மயிர்போன்ற இழைகள்). இன்னொரு பிரிவான போடோகோப்பிடாவில் அந்த வெளிக்கிளை சுருங்கிப்போய், உட்கிளையே வேலை செய்கிறது. முன்னதற்கு இதயம் உண்டு, பின்னதற்குக் கிடையாது. மயோடோகோப்பிடாவின் ஏழாவது இணையுறுப்போ (கால்போன்ற உறுப்போ) புழுப்போல் நெளிந்து ஓட்டின் உட்புறத்தைத் துடைக்கிறது! ஓடுகள் ஒன்றுபோலவே இருக்கும் நெருங்கிய இனங்களைப் பிரிக்க, கடைசியில் ஆணின் புணர்ச்சி உறுப்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓட்டை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியன் காலத்தில் வாழ்ந்து அழிந்த பிராடோரிடுகள் என்னும் கணுக்காலிகளை, இரட்டை ஓடு இருந்ததால் நெடுங்காலம் ஆஸ்ட்ரகோடுகளாகவே கருதினார்கள். சீனாவின் செங்ஜியாங் புதைபடிவத் தளத்தில், குன்மிங்கெல்லா என்னும் பிராடோரிடின் கால்களும் படிவமாகக் கிடைத்தபோது, அவை ஆஸ்ட்ரகோடின் கால்களே அல்ல என்று தெரிந்தது.

இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷயரில் 42.5 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைச் சாம்பல் படிவில் கிடைத்த கொலிம்போசாத்தோன் என்னும் ஆஸ்ட்ரகோடு, 2003இல் விவரிக்கப்பட்டது. கல்லை இம்மி இம்மியாகத் தேய்த்து, ஒவ்வொரு பரப்பையும் படமெடுத்துக் கணினியில் உடலை மீட்டார்கள். செவுள் முதல் ஆணுறுப்பு வரை கிடைத்ததால்தான், இன்றும் வாழும் சிலிண்ட்ரோலெபெரிடிட் என்னும் ஆஸ்ட்ரகோடு குடும்பத்தில் அதைத் துணிந்து சேர்க்க முடிந்தது. இவ்வளவு சுவையான செய்தியைக் கட்டுரை தொடவே இல்லை.

அடுத்த முறை ஓர் உணர்கொம்பின் கோட்டோவியத்தையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் வாசகர்

பி.கு.: மயோடோகோப்பிடா படத்தில் தலையும் வாலும் இடம் மாறியிருக்கின்றன. உணர்கொம்பு வெளிவரும் பள்ளம் இருப்பதே முன்பக்கம்.