நோயாளர் நலன்புரிச் சங்கம், திருகோணமலை – செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், போசகர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சக்கர நாற்காலிகள் திருத்தியது, குடிநீர்த் தாங்கி மாற்றியது போன்ற வழமையான வேலைகள் குறையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவில் ஆண்டு முழுக்கப் பேசியது ஆஸ்பத்திரியின் ஆளணிப் பற்றாக்குறையைத்தான். ஆகவே நானும் அதையே சொல்கிறேன்.

2022 ஜூனில், அரசாங்க ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று சுற்றறிக்கை வந்தது. வைத்தியர்களும் தாதியரும் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, வளைகுடா என்று போனார்கள். ரூபாயின் பெறுமதி விழுந்த நிலையில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்கள் இலவசக் கல்வியில் உருவானவரைப் படிப்பித்த செலவில்லாமல் பணக்கார நாடு எடுத்துக்கொள்வது நியாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்ட, சுகாதார ஊழியர்களை நாடுவிட்டு நாடு ஆட்சேர்ப்பதற்கான நடத்தைக் கோவையும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

சரி, போகிறவர்களை நாங்கள் மறிக்க முடியாது. வருகிறவர்களை நிற்கவைக்கலாம். சிங்களம் பேசும் குருநாகல், காலி மாவட்டங்களில் இருந்து நியமனம் பெற்று வரும் பிள்ளைகள், வந்த கையோடு இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். மொழி ஒரு காரணம். மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா "நெஞ்சு அடைக்குது மகள்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, அந்த இளம் தாதி கையைப் பிடித்தபடி விழித்து நின்றார். தரை துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியர்தான் ஓடிவந்து சிங்களத்தில் சொன்னார். அதன்பிறகே சனிக்கிழமைப் பேச்சுத் தமிழ் வகுப்பைத் தொடங்கினோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நோயாளர் வாயில் வருகிற பேச்சைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்துப் படிப்பிக்கிறார்.

பொங்கலுக்குச் சிங்களத் தாதியரும், பெருநாளுக்குத் தமிழ்த் தாதியரும், வெசாக்குக்கு முஸ்லிம் தாதியரும் ஒருவருக்கொருவர் டியூட்டி மாறிக்கொள்கிறார்கள். இது அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. எங்கள் ஆட்களில் சிலர் "எங்கட டொக்டர் இல்லையா?" என்று கேட்பதுதான் எனக்கு வேதனை. இரவிரவாக உங்களுக்காகக் கண்விழித்தவர் எங்கட டொக்டர் இல்லாமல் வேறு யார்?

அடுத்தது வீடு. உப்புவெளியில் சீசன் தொடங்கினால் வாடகை வீடெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குப் போய்விடுகிறது. தனியாக வரும் பெண்பிள்ளைகள் அறை தேடி அலைகிறார்கள். விடுதி கட்டித் தருமாறு சுகாதார அமைச்சுக்கு மனு அனுப்பும் தீர்மானத்தை இன்று சபையில் வைக்கிறேன். அது கைகூடும்வரை, உவர்மலையிலோ அன்புவழிபுரத்திலோ அறை தரக்கூடிய உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

நன்றி.
கௌரவ செயலாளர்