கயிறு கட்டிக் காட்டு

அன்பு மகளுக்கு,

சுங்கை சிப்புட்டில் அம்மாவும் நானும் நலம். மிரியில் மழை விட்டதா?

கோட்டுக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட கோணம் என்றாலே உன் மாணவர்கள் திணறுகிறார்கள், சூத்திரத்தை மட்டும் ஒப்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கன உருவத்தைத் தட்டையான தாளில் வரைந்து காட்டுகிறோம். அங்கே செங்கோணம்கூடச் செங்கோணமாகத் தெரிவதில்லை. பிள்ளை கண்ணை நம்புவதா, நம் பேச்சை நம்புவதா?

வகுப்பறையிலேயே ஒரு கயிறு கட்டு. தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையின் உச்சி வரைக்கும். அறை 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள். கயிறு தரையோடு என்ன கோணத்தில் இருக்கிறது என்று கேட்டால், பலர் நீளச் சுவரின் அடியோரத்தைத்தான் காட்டுவார்கள். அந்தக் கோணம் ஏறத்தாழ 40 பாகை. கயிற்றின் அடிநுனி வழியே தரையில் எத்தனை கோடு போட்டாலும் ஒவ்வொன்றோடும் ஒரு கோணம் கிடைக்கும். அவற்றுள் மிகச் சிறியதுதான் நமக்கு வேண்டும். மேல்நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கு. அது தரையைத் தொடும் இடத்தையும் அடிநுனியையும் சாக்கட்டியால் இணை. அந்தக் கோடே கயிற்றின் வீழல், மிகச் சிறிய கோணம் அதனோடுதான். வீழலின் நீளம் 10 மீட்டர், உயரம் 3 மீட்டர், கோணம் 17 பாகைக்குச் சற்றுக் குறைவு. 40 எங்கே, 17 எங்கே!

தூக்குநூல் தரைக்குச் செங்குத்துதானா என்று எவனாவது கேட்டால் அவனை விட்டுவிடாதே, நல்ல கேள்வி. தரையில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளோடு செங்கோணம் அமைந்தால் போதும், மற்றெல்லாக் கோடுகளோடும் தானாக அமையும் என்று பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் நூலின் 11ஆம் பகுதியில் நிறுவியிருக்கிறார். ஒரே கோட்டோடு மட்டும் பார்த்தால் கம்பு பக்கவாட்டில் சாய்ந்துகூட நிற்கலாம். மூலைமட்டத்தை இரண்டு திசையில் வைத்துப் பார்க்கச் சொல்.

வளைபரப்புக்கு வரும்போது பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, எடுத்துச் சொல். உன் பாட்டி காலத்தில் புதுமரத்தில் வெட்டுக்கோடு குறிக்க ஒரு தகரத்தகடு வைத்திருந்தார்கள். 30 பாகைச் சரிவில் நேராக வெட்டிய தகடு. அதை மரத்தில் சுற்றிப் பிடித்து ஓரத்தோடு கீறினால் பட்டையில் திருகுக்கோடு விழும். சுற்றளவு 50 சென்டிமீட்டர் மரத்தில் பாதிச் சுற்று வெட்டு என்றால், பட்டையை மனத்தில் விரித்துப் பார்: 25 சென்டிமீட்டர் அடிப்பக்கம் கொண்ட ஒரு செங்கோண முக்கோணம். வெட்டின் நீளம் ஏறத்தாழ 28.9 சென்டிமீட்டர், இறக்கம் 14.4. திருகுக்கோட்டுக்குப் புதுக் கணிதம் எதுவும் தேவைப்படவில்லை, பார்த்தாயா? வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. எதிர்த்திசையில் சரியும் வெட்டு அதிகக் குழாய்களைத் திறக்கும். உன் வகுப்பில் பால்மரம் பார்த்த பிள்ளை யாராவது இருந்தால் அவனையே எழுந்து சொல்லச் சொல்.

கூம்பையும் இப்படியே விரிக்கலாம். அரைவட்டத் தாளைச் சுருட்டினால் வரும் கூம்பின் சாயுயரம், அதாவது உச்சியிலிருந்து அடி விளிம்பு வரையுள்ள சரிவு நீளம், அடி ஆரத்தைப் போல் இருமடங்கு. அதைப் பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லாதே. உருண்டையைக் கடைசிக்கு வை. அதைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையாக்க எவராலும் முடியாது. ஆரஞ்சுத் தோலை மேசையில் அழுத்திப் பார்க்கச் சொன்னால் வகுப்பே கலகலக்கும்.

கயிறும் தூக்குக்குண்டும் அங்கே கிடைக்காவிட்டால் எழுது, என் பழைய மூலைமட்டத்தோடு சேர்த்து அஞ்சலில் அனுப்புகிறேன். தீபாவளிக்கு விமான டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, விலை ஏறிவிடும். அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா