நூலகம் இன்று திறந்திருக்கிறதா? பொது நூலகங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொது நூலகங்களை நடத்தும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் என் அப்பாவை எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்க்கக் கிளம்பினோம். அவருக்கு 72 வயது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, இனி தாராளமாகப் படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரம் அது. வீட்டிலிருந்தே போனில் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் காலை 8 மணிக்குத் திறக்கும் என்றிருந்தது, இன்னோரிடத்தில் 9 மணி. அங்கே கிடைத்த எண்ணுக்கு அழைத்தால், "ராங் நம்பர்ங்க, இப்படி நிறையப் பேர் கூப்பிடுறாங்க" என்றார் எடுத்தவர். சரி, நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று ஆட்டோ பிடித்துப் போனோம். கதவு பூட்டியிருந்தது. எதிரே டீக்கடையில் இருந்தவர்தான் சொன்னார்: "வெள்ளிக்கிழமை லீவு சார்."

மறுநாள் போனோம். அது இரண்டாம் சனிக்கிழமை, அன்றும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தது, ஆனால் முகவரிச் சான்றின் நகலும் புகைப்படமும் வேண்டும் என்றார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடை அன்று மூடியிருந்தது. செவ்வாய்க்கிழமைதான் அப்பா கையில் உறுப்பினர் அட்டை வந்தது.

அங்கிருந்த நூலகர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தனி ஆளாகக் கதவைத் திறந்து, செய்தித்தாள்களை மேசையில் பரப்பி, புத்தகங்களைப் பதிந்து கொடுத்து, சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகிறவர் அவர். அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கவனித்தார்.

அன்று அப்பா எடுத்தது கனமான ஒரு பயண நூல். வீட்டுக்கு வந்ததும், உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டை என்னிடம் காட்டினார். ஊதா மையில் வரிசையாக முத்திரைகள். புதிதாகக் குத்தியதற்கு முந்தையது 2017-ஆம் ஆண்டுடையது. நான்கு தெரு தள்ளி இப்படி ஒரு வாசகர் இருந்தும், அந்தப் புத்தகம் அத்தனை வருடம் யார் கையிலும் போகாமல் அலமாரியில் நின்றிருக்கிறது. அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென வகுத்த ஐந்து விதிகள் உங்களுக்கு மனப்பாடம். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நான்காவது. அவர் உழைப்பின் பயனாகத்தான் 1948-இல் சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தது. இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் செலுத்துகிறோம். மனமுவந்தே செலுத்துகிறோம். கன்னிமாராவும், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த அந்தப் பெரிய கட்டடங்களுக்கு வழி கேட்க ஆள் உண்டு. தகவல் கிடைக்காமல் தவிப்பது கிளை நூலகத்தையும் ஊர்ப்புற நூலகத்தையும் பகுதிநேர நூலகத்தையும் தேடிப் போகிறவர்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க இரண்டு பஸ் மாறி வரும் பெண் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அவளுக்கு அன்றைய நாளே போய்விடுகிறது.

நான் கேட்பது புதுச் செயலி அல்ல. ஒவ்வொரு நூலகத்துக்கும் இணையத்தில் ஒரே ஒரு பக்கம் போதும். முகவரி, வேலை நேரம், விடுமுறை நாள், எடுக்க ஆள் இருக்கும் தொலைபேசி எண், உறுப்பினராக என்னென்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை புத்தகம் எத்தனை நாளைக்கு. கடைசியாகத் திருத்திய தேதி கண்ணில் படும்படி இருக்கட்டும். அதைத் திருத்தும் உரிமையை அந்தந்த நூலகருக்கே கொடுங்கள். மழை விடுமுறை என்றால் அவர் தன் போனிலிருந்தே ஒரு வரி மாற்றிவிடுவார். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் வேண்டும்தான். அதற்கு உழைப்பும் நாளும் பிடிக்கும் என்று புரிகிறது. முதலில் கதவு திறந்திருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகப் போடாதீர்கள். எழுத்தெல்லாம் படமாக இருந்தால் தேடலில் சிக்குவது அரிது. பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டவும் திணறும். பிரெய்ல் பிரிவு வைத்து அவர்களை வரவேற்கும் நூலகங்கள் நம்மிடம் இருக்கின்றன. அங்கே வருவதற்கான தகவலும் அவர்களுக்கு எட்ட வேண்டாமா? பழைய எழுத்துருவில் தட்டிய அறிவிப்புக்கும் இதே கதிதான். எல்லாக் கருவியிலும் ஒரேபோல் படிக்க முடிகிற ஒருங்குறியை (யூனிகோட்) பயன்படுத்தச் சொல்லி 2010-லேயே அரசாணை வந்துவிட்டது.

2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டிய விவரங்களின் வரிசையில், மக்களுக்கான நூலகம், படிப்பறையின் வேலை நேரமும் இருக்கிறது.

அப்பா இப்போது இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறார். திருப்பித் தர வேண்டிய நாள் பொங்கல் விடுமுறையை ஒட்டி வருகிறது. அந்த வாரம் எந்தெந்த நாள் நூலகம் திறந்திருக்கும் என்று நேற்று இரவு வெகுநேரம் தேடினேன், கிடைக்கவில்லை. நாளைக் காலை நடந்தே போய்க் கேட்டுவிட்டு வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகரின் மகன்