பேச்சு மீளத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கும் நடை தளர்ந்தவர்களுக்கும் மதுரையில் இசை வழிச் சிகிச்சை அளித்துவரும் நான், இப்பணியில் தோள்கொடுத்த அனைவருக்கும் இம்மடல் வழியே நன்றி தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தேறி வீடு திரும்புகிறவர்கள் "உங்க பாட்டாலதான் பேச்சு வந்துச்சு" என்று என் கையைப் பற்றிக்கொள்கிறார்கள். வாரத்தில் இருமுறை, அதுவும் அரை மணி நேரமே உடனிருக்கும் எனக்கு அந்தப் பெருமையில் உரியது சிறு பங்குதான்.

முதல் நன்றி ஓர் அம்மாவுக்கு. அவருடைய கணவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுத் தண்ணீர் கேட்கவும் நா எழாதிருந்த அவர், பழைய திரைப்பாட்டை எடுத்துக்கொடுத்தால் சரணம் வரை சொல் பிசகாமல் பாடினார். பாடுவதில் மூளையின் வலப்பக்கமும் பங்குகொள்வதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. அந்தத் திறனைப் பேச்சுக்குத் திருப்பும் 'மெலடிக் இன்டோனேஷன் தெரபி' என்னும் முறையை, பாஸ்டனைச் சேர்ந்த ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் 1973இல் வெளியிட்டனர். ஒரு சிறு தொடரை இரண்டே சுரங்களில் அமைத்து, அசைக்கு ஒரு தட்டாக இடக்கையைத் தட்டவைத்து, முதலில் கூடப் பாடி, பிறகு நம் குரலை மெல்ல விலக்கி, இறுதியில் இராகமும் உதிர்ந்து பேச்சு மட்டும் நிற்கும்படி செய்வது அதன் வழி. சொல்வது எளிது, அதை நாள்தோறும் விடாமல் செய்தவர் அந்த அம்மா. காப்பி கொடுக்கும்போதும் மாத்திரை கொடுக்கும்போதும் கணவரின் இடக்கையைப் பிடித்து மேசைமேல் தட்டி, "தண்ணி வேணும்" என்று பாடவைத்துக்கொண்டே இருந்தார். பல மாதங்களுக்குப் பின் கணவர் இராகமில்லாமல் சொன்ன முதல் தொடர், "முன்னாடி போங்க" என்பது.

அந்தத் தொடரைப் பயிற்சியில் சேர்த்தவர் எங்கள் பேச்சுப் பயிற்சியாளர். ஆங்கிலத்தின் அழுத்தத்துக்கேற்ப அமைந்த முறையை அப்படியே தமிழில் பாடினால் செயற்கையாக ஒலிக்கிறது. நம் வீடுகளில் கேட்கும்போதும் கூப்பிடும்போதும் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காதுகொடுத்துக் கேட்டு, ஒவ்வொருவரின் தொழிலுக்கும் பழக்கத்துக்கும் பொருந்தும் தொடர்களை அவர் பொறுக்கித் தந்தார்.

நடைப்பயிற்சிக்கு மிருதங்கம் வாசிக்க வந்த வித்வானுக்கு எப்படி நன்றி சொல்வது! மூளையைப் பாதித்து நடையைத் தளரவைக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவரின் இயல்பான நடை வேகத்தில் தட்டத் தொடங்கி, கால் பழகிய பிறகே காலப்பிரமாணத்தை, அதாவது தாளத்தின் வேகத்தை, சற்றுக் கூட்ட வேண்டும். கச்சேரியில் தாளக் கணக்குகளால் சபையை நிமிரவைப்பவர், எங்கள் நடைபாதையில் கோர்வை என்னும் சொற்கட்டு அடுக்கு ஒன்றும் வைக்காமல், ஒரு முதியவரின் பாதத்தையே பார்த்தபடி ஆதி தாளத்தை ஒரே சீராக வாசித்தார். அருகில் கைபிடித்து நடந்த இயன்முறைச் சிகிச்சையாளருக்கும், எங்கள் நேரம் வந்ததும் வார்டில் தொலைக்காட்சியை நிறுத்திவைக்கும் செவிலியர்களுக்கும் நன்றி.

நரம்பியல் மருத்துவருக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. இந்த இராகம் சர்க்கரையைக் குறைக்கும், அந்த இராகம் இரத்த அழுத்தத்தைப் போக்கும் என்று பரவும் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது எனக்குப் பெரும் வேதனை. மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டிய பயிற்சி இது என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரே உட்கார்ந்து விளக்குகிறார்.

பேச்சு முழுமையாகத் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று தொடர்களுக்கு மேல் வராது என்று தெரிந்த பின்னும் அவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வேலைக்கு விடுப்பெடுத்து, வியாழன்தோறும் கூட்டுப்பாட்டுக்கு அழைத்துவரும் மக்களுக்கும் மருமக்களுக்கும் என் நன்றி தனியே உரியது.

அன்புடன்,
உங்கள் இசைச் சிகிச்சையாளர்