பிப்ரவரி 22: கஸ்தூரிபாவுக்கு உரிய இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 22 கஸ்தூரிபா காந்தியின் நினைவு நாள். ஆண்டுதோறும் அந்த நாளில் இதழ்களில் வரும் சிறு குறிப்புகளில், காந்தியடிகளின் துணைவி, நான்கு ஆண்மக்களின் தாய், பொறுமையின் வடிவம் என்பவற்றுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. மனைவியாகவும் தாயாகவும் பாட்டியாகவும் அவர் செய்தது என்ன, பட்டது என்ன என்று விவரமாகச் சொல்லாமல் ‘பொறுமையின் வடிவம்’ என்று மட்டும் எழுதினால், அந்தப் பட்டமே அவரை மறைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1869-இல் போர்பந்தரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்த கஸ்தூரிபா, பள்ளிக்கூடம் போகாதவர். பதின்மூன்று வயதில், தம்மைவிடச் சில மாதங்கள் இளையவரான மோகன்தாஸுக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் அல்லர் என்பதற்குக் காந்தியடிகளின் சுயசரிதையே சாட்சி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருந்த வீட்டில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ எழுத்தர் ஒருவரின் சிறுநீர்க் கலயத்தைக் கண்ணீருடன் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்த மனைவியை, அதை முகம் மலர்ந்து செய்ய வேண்டும் என்று அதட்டி, கையைப் பிடித்து வாசல் கேட் வரை இழுத்துச் சென்றதாக அவரே எழுதுகிறார். பெற்றோரோ உற்றாரோ இல்லாத இந்த ஊரில் நான் எங்கே போவேன், யாராவது பார்ப்பதற்குள் கதவைச் சாத்துங்கள் என்று கஸ்தூரிபா சொன்ன பிறகுதான் கணவருக்கு வெட்கம் வந்தது. கலயத்தை எடுக்கத் தயங்கிய சாதி உணர்வை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வாசலில் நிதானம் தவறாமல் நின்றவர் அவர்தான்.

1901-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அங்கிருந்த இந்தியர்கள் அன்பளிப்பாகத் தந்த நகைகளைப் பொதுக் காரியத்துக்கே விட்டுவிட வேண்டும் என்று கணவர் முடிவு செய்தார். நாளை வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்று கேட்டதோடு கஸ்தூரிபா நிற்கவில்லை. உங்கள் தொண்டில் என் உழைப்பும் இல்லையா, இரவும் பகலும் நான் பாடுபட்டது தொண்டு ஆகாதா என்றும் கேட்டார். நகைகள் அறக்கட்டளைக்குத்தான் போயின. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. பல வீடுகளில் இன்றும் அதற்குச் சரியான பதில் இல்லை.

தமிழ் வாசகர்கள் முக்கியமாக அறிய வேண்டியது, குடும்பம் மீண்டும் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது நடந்த 1913-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்று கேப் மாநில நீதிமன்றம் அவ்வாண்டு மார்ச் மாதம் தீர்ப்பளித்ததால், இந்தியப் பெண்கள் பலர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயிற்று. மற்றப் பெண்களிடம் போராட்டத்தைப் பற்றிப் பேசிய காந்தியடிகள் தம் மனைவியிடம் பேசத் தயங்கியதை அறிந்த கஸ்தூரிபா, சிறைக்குப் போகத் தமக்கு மட்டும் என்ன தகுதிக் குறைவு என்று கேட்டுவிட்டு, முதலில் புறப்பட்ட பதினாறு பேர் குழுவில் இருந்த நான்கு பெண்களில் ஒருவராக, அனுமதியின்றி மாநில எல்லையைக் கடந்து கைதானார். மூன்று மாதக் கடுங்காவல் முடிந்து மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார். அதே போராட்டத்தில் அதே சிறையில் நோயுற்று, விடுதலைக்குப் பின் சில வாரங்களில் பதினாறு வயதில் இறந்தவர்தான் நம் தில்லையாடி வள்ளியம்மை. அவர் இறந்த நாள் 1914 பிப்ரவரி 22. சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1944-இல், அதே நாளில் கஸ்தூரிபாவும் மறைந்தார். இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுத இதைவிடப் பொருத்தமான நாள் வேறு எது?

தாயாக அவர் பட்ட துயரம் மூத்த மகன் ஹரிலாலால் வந்தது. தந்தையுடன் முறித்துக்கொண்டு குடியில் விழுந்த அந்த மகன், ஒருமுறை பெற்றோர் பயணம் செய்த ரயில் கட்னி நிலையத்தில் நின்றபோது கூட்டத்திலிருந்து தாய்க்கு வாழ்த்து முழங்கியபடி ஓடிவந்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை அவர் கையில் கொடுத்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. எனக்கு ஒன்றும் இல்லையா என்று தந்தை கேட்டதற்கு, இது பாவுக்கு (அம்மாவுக்கு) மட்டும் என்றாராம். எங்களோடு வந்துவிடு என்ற தாயின் அழைப்பை அவர் ஏற்கவில்லை. ஹரிலாலின் மனைவி 1918-இல் இன்புளூயன்சா கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தபின், தாயற்ற பேரக்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பில் பெரும்பங்கு பாட்டியிடம் வந்து சேர்ந்தது. அவர்களில் ரசிக் என்ற பேரனை 1929-இல் இழந்த வேதனையையும் அவர் அனுபவித்தார். கடைசி மகன் தேவதாஸ், ராஜாஜியின் மகள் லட்சுமியை விரும்பி, இரு தந்தையரும் விதித்த நிபந்தனையின்படி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 1933-இல் மணந்தபோது, தமிழ்ப் பெண் ஒருத்திக்கு மாமியாராகவும் ஆனார்.

1942 ஆகஸ்டு 9 அன்று காலையில் கணவர் கைதானதும், பம்பாய் சிவாஜி பூங்காவில் அவர் பேசவிருந்த கூட்டத்தில் தாமே பேசுவதாகப் புறப்பட்டு, மேடை ஏறுவதற்கு முன் கைதானவர் கஸ்தூரிபா. புனேயில் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுபது வயதைக் கடந்த அவருக்குக் காந்தியடிகள் பாடம் நடத்தியதை, அங்கு உடனிருந்த மருத்துவர் சுசீலா நய்யார் பதிவு செய்திருக்கிறார். மற்றவர்களைப் போல நோட்டுப் புத்தகம் கேட்ட மனைவியிடம், கையெழுத்து திருந்தும் வரை இதில் எழுது என்று சில தாள்களைக் கொடுத்தாராம் கணவர். அதில் மனம் புண்பட்டவர், பிறகு தேடி வந்த நோட்டைத் தொடவே இல்லை. கேரம் ஆட்டத்தில் மட்டும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. சிவராத்திரி நாளன்று, அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவரின் மடியில், கைதியாகவே அவர் உயிர் பிரிந்தது.

அவர் நினைவாக 75 இலட்சம் ரூபாய் திரட்ட முனைந்தபோது ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது என்றால், நாட்டு மக்கள் அவரை எவ்வாறு போற்றினர் என்பது விளங்கும். அந்நிதி கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் நலனுக்கென ஒதுக்கப்பட்டது. நான் வசிக்கும் திருவல்லிக்கேணியில், ஊரார் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் பிள்ளைப்பேற்று மருத்துவமனையும், திண்டுக்கல் அருகே காந்திகிராமத்து மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்கியவை. அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 11, 2003 முதல் தேசியப் பாதுகாப்பான தாய்மை தினமாக அனுசரிக்கப்படுகிறது.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. வரும் ஏப்ரல் 11 அன்று தங்கள் இதழில் கஸ்தூரிபாவின் சிறை வாழ்க்கையை முழுமையாக விவரிக்கும் கட்டுரை ஒன்றை, பள்ளி மாணவர்களும் படிக்கும் வகையில் வெளியிட வேண்டும். அடுத்த பிப்ரவரி 22-இல் வள்ளியம்மைக்கும் அவருக்கும் ஒரே பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும். மாரிட்ஸ்பர்க் சிறையைப் பற்றிய விவரம் அதில் தவறாமல் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருவல்லிக்கேணி, சென்னை.