கரண்ட் வந்ததும் 18 செகண்ட் முந்தும் டைம் சர்வர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

கரண்ட் போய் வந்தால் டைம் சர்வர் (ஜிபிஎஸ் செயற்கைக்கோளிடமிருந்து நேரம் வாங்கி உங்கள் கேமராவுக்கும் வருகைப்பதிவு மெஷினுக்கும் கொடுக்கும் பெட்டி) தப்பு நேரம் காட்டுகிறது என்று ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து பலர் கூப்பிட்டுச் சொன்னீர்கள். பெட்டி கெட்டுப்போகவில்லை. தயவுசெய்து கையால் திருத்த வேண்டாம்.

ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6 முதல் இடையில் எதுவும் சேர்க்காமல் ஓடுகிறது. நாம் பின்பற்றும் நேரத்தில் மட்டும், பூமியின் சுழற்சிக்கு ஒத்துப்போக அவ்வப்போது ஒரு லீப் செகண்ட் சேர்ப்பார்கள். கடைசியாகச் சேர்த்தது நம்மூர்க் கணக்கில் 2017 ஜனவரி 1, காலை 5.30 ஆவதற்குச் சற்று முன். அதோடு ஜிபிஎஸ் நேரம் நம் நேரத்தைவிட 18 செகண்ட் முந்தியதாக ஆனது. எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதையும் செயற்கைக்கோளே அனுப்புகிறது, ஆனால் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான். பெட்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சிக்னல் கிடைத்ததுமே நேரம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. உள்ளே பட்டன் செல் நன்றாக இருந்தால் பழைய கணக்கு நினைவில் இருக்கும். செல் தீர்ந்த பெட்டிகளில்தான் இந்தத் தொல்லை.

நீங்கள் அவசரப்பட்டு 18 செகண்டைக் குறைத்து வைத்தால், சற்று நேரத்தில் பெட்டியும் தன் பங்குக்கு 18 கழிக்கும். அப்புறம் அத்தனையும் பின்தங்கி ஓடும்.

வருகைப்பதிவு மெஷினுக்கு 18 செகண்ட் பெரிய விஷயமில்லைதான். கேமராவுக்கு அப்படியில்லை. நேரம் பின்னுக்கு இழுக்கப்படும்போது அதே 18 செகண்ட் பதிவில் இரண்டு முறை வரும். கேட்டில் லாரி நுழைந்தது எந்த முறை என்று யார் சொல்வது?

ஆகவே சரியான கணக்கு வரும்வரை நேரம் கொடுக்காதபடி செட்டிங்கை மாற்றித் தருகிறோம். கரண்ட் வந்து கால் மணி நேரம் போலப் பெட்டி 'ஸ்ட்ராட்டம் 16' என்று காட்டும்; நேரம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். அதுவரை கேமரா ரெக்கார்டர்கள் தங்கள் சொந்தக் கடிகாரத்தில் ஓடும். அதில் வரும் பிசகு கண்ணுக்கே தெரியாது.

அரை மணி ஆகியும் 16 மாறவில்லை என்றால் ஆன்டெனாவைப் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து தகரக் கூரைக்கு அடியில் நகர்த்தி வைத்திருப்பார்கள். வானம் தெரிகிற மொட்டைமாடிதான் அதற்கு இடம்.

செட்டிங் மாற்றக் கட்டணம் இல்லை. புது செல்லுக்கு மட்டும் அதன் விலை. ஷிப்ட் மாறும் நேரம் தவிர்த்து எப்போது வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடை சர்வீஸ் பிரிவு,
காட்பாடி, வேலூர்