புகார் கடிதம்: டிசைன் மென்பொருளை இயக்கலாம் என்று விற்ற ஹார்ட் டிஸ்க்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2 டெராபைட் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கின் பெட்டியில் அச்சிட்டுள்ள வாசகம் உண்மைக்கு மாறாக இருப்பது, மூன்று முறை எழுதியும் தீர்வு கிடைக்காமல் புகார் மூடப்பட்டது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். டிஸ்க் பழுதாகவில்லை. சுற்றுகிறது, சூடாவதும் இல்லை, கோப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பிறகு எதற்குப் புகார் என்று கேட்பீர்கள். பெட்டியின் முன்பக்கத்தில் நீங்களே அச்சிட்ட ஒரு வரிக்காக: "கனமான டிசைன் மென்பொருள்களையும் நேரடியாக இதிலிருந்தே இயக்கலாம்."

நான் தனியாக வேலை எடுத்துச் செய்யும் டிசைனர். கண்காட்சி அரங்குகளுக்கு முப்பரிமாண மாதிரி செய்வது, அதே அரங்குக்கான பெரிய பேனர்களை வடிவமைப்பது என் தொழில். என் லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்). விண்டோஸும் இரண்டு பெரிய மென்பொருள்களும் ஏறியதும் அதில் மூச்சுவிட இடமில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் பெட்டியும் அந்த வரியும் கண்ணில் பட்டன. பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் "5 ஜிகாபிட் வேகம்" என்றும் இருந்தது. முப்பரிமாண மென்பொருளை அப்படியே உங்கள் டிஸ்க்கில் நிறுவினேன். படத் திருத்த மென்பொருளுக்கான ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் (ரேம் போதாதபோது மென்பொருள் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் இடம்) உங்கள் டிஸ்க்குக்கே மாற்றினேன்.

முதல் நாளே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். உள் எஸ்எஸ்டியில் 20 வினாடிக்குள் திறந்துகொண்டிருந்த மென்பொருள், உங்கள் டிஸ்க்கிலிருந்து திறக்க 4 நிமிடம் 20 வினாடி எடுத்தது. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று மறுநாளும் பார்த்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் மறுபடி அதே நாலு நிமிடம்.

உங்கள் சேவைப் பிரிவு முதலில் அனுப்பிய பதில்: "கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்." இதில் நியாயம் உண்டு. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகினால் எப்பேர்ப்பட்ட டிஸ்க்கும் வினாடிக்கு 40 எம்பி அளவில் நின்றுவிடும். ஆனால் நான் சொருகியிருந்தது யுஎஸ்பி 3.0. கேபிளையும் மாற்றினேன், பலனில்லை. இரண்டாவது பதில்: "ஃபார்மட் செய்து பாருங்கள்." அதையும் செய்தேன். எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, ஃபார்மட் செய்து, மறுபடி மென்பொருளை நிறுவியதில் ஒரு முழு வேலை நாள் போனது. நேரம் மட்டும் 4 நிமிடம் 10 வினாடி ஆனது. ஒரு நாள் உழைப்புக்குப் பத்து வினாடி லாபம்.

மூன்றாவது பதிலைத்தான் நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். "இந்தப் பொருள் கோப்புகளைச் சேமிப்பதற்கானது. இதிலிருந்து மென்பொருள்களை இயக்குவதைப் பரிந்துரைப்பதில்லை." இதை அனுப்பிய கையோடு என் புகாரைத் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். உங்கள் பெட்டி ஒன்று சொல்கிறது, உங்கள் அலுவலகம் நேர் எதிராக ஒன்று சொல்கிறது. பெட்டியில் எழுதியவரையும் பதில் எழுதியவரையும் ஒருமுறை நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசவிட்டால் நன்றாக இருக்கும்.

என் கணினிதான் மெதுவோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். நண்பர் ஒருவரின் வெளி எஸ்எஸ்டியை இரண்டு நாள் கடன் வாங்கி, அதே லேப்டாப், அதே போர்ட், அதே மென்பொருள் என்று சோதித்தேன். 26 வினாடியில் திறந்தது.

பிறகு உங்கள் டிஸ்க்கைப் பற்றி நானே தேட வேண்டியிருந்தது. பெட்டியின் ஆறு பக்கத்திலும், உள்ளே இருந்த கையேட்டிலும், அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்ற எண் இல்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஒரு இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது: 5400. அந்த ஒரு எண்ணைப் பெட்டியில் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கணக்கு எளிதானது. டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுக்கும். தேடும் இடம், தட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவினாடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர்ந்து போக இந்த ரக டிஸ்க்குகளில் 12 மில்லிவினாடி போல ஆகும். ஆக, வினாடிக்கு 60 தடவைக்குள்தான் புதிய இடத்தைத் தொட முடியும். பெரிய டிசைன் மென்பொருள் திறக்கும்போது ஒரே ஒரு பெரிய கோப்பை வரிசையாகப் படிப்பதில்லை. ப்ளக்-இன், எழுத்துரு, பிரஷ், ஐகான், மெட்டீரியல் என்று சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தட்டு முழுக்க அலைந்து பொறுக்குகிறது. 15,000 இடத்தைத் தொட வேண்டுமென்றால் 250 வினாடி. என் கடிகாரம் காட்டியதும் ஏறக்குறைய அதுதான். எஸ்எஸ்டியில் நகர்வதற்குத் தலையும் இல்லை, சுற்றுவதற்குத் தட்டும் இல்லை. ஓர் இடத்தைத் தொட ஒரு மில்லிவினாடியில் சிறு பங்கு போதும்.

அந்த "5 ஜிகாபிட்" என்பது கேபிளும் போர்ட்டும் தாங்கும் அளவு. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு, தரவை அனுப்பும் குறியீட்டு முறைக்கே போய்விடுகிறது. மிச்சம் வினாடிக்கு 500 எம்பி. உங்கள் டிஸ்க் நல்ல நாளில், ஒரு பெரிய வீடியோவை வரிசையாக நகலெடுக்கும்போது, 120 எம்பி கொடுக்கிறது. தட்டு நிரம்ப நிரம்ப உள்வட்டத்துக்குப் போய் அதுவும் குறையும். வாய்க்காலின் அகலத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, கிணற்றில் எவ்வளவு ஊறும் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

ஸ்க்ராட்ச் டிஸ்க் விஷயம் இதைவிட மோசம். ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் ரேம் போதாதபோது டிஸ்க்கையே ரேம் மாதிரி எடுத்துக்கொள்ளும். ஏ0 அளவு பேனரை, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), நான்கு நிற அச்சுக்குத் தயாரித்தால் ஒரே ஒரு முழு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) 558 எம்பி. அப்படி இருபது லேயரும், பின்னோக்கிச் செல்ல வைத்திருக்கும் வரலாறும் சேர்ந்தால் என் 16 ஜிபி ரேம் எந்த மூலைக்கு? ஒரு மதியத்தில் ஸ்க்ராட்ச் கோப்பு 40 ஜிபியைத் தாண்டியது. முதலில் டிஸ்க் வேகமாகத்தான் எழுதியது. பிறகு திடீரென்று வினாடிக்கு 15 எம்பிக்கு விழுந்தது. ஒரு லேயரை மங்கலாக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவி வந்தேன். திரையில் அதே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேகம் இப்படி விழுவதற்குக் காரணம் ஷிங்கிள்ட் பதிவு முறையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓடு வேய்வது போலத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்கும் முறை அது. கொள்ளளவு கூடும். ஆனால் நடுவில் உள்ள ஒரு ஓட்டினை மாற்ற மேலே படிந்த ஓடுகளையெல்லாம் எடுத்து மறுபடி வேய வேண்டும். டிஸ்க் இதைத் தாமதிக்க முதலில் ஒரு தற்காலிக இடத்தில் எழுதி வைக்கும். அந்த இடம் நிரம்பியதும் குட்டு வெளிப்படும். தட்டு சுற்றும் டிஸ்க்காக இருந்தும் எஸ்எஸ்டி போல "டிரிம்" வசதி (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிஸ்க்குக்குத் தெரிவிப்பது) இருப்பதாக உங்கள் டிஸ்க் காட்டுவதும் இந்தச் சந்தேகத்தை வலுவாக்குகிறது. 2020 ஏப்ரலில் இந்தத் துறையின் பெரிய தயாரிப்பாளர்கள் சொல்லாமலேயே சில மாடல்களில் இந்த முறையைப் பயன்படுத்தியது வெளியே வந்து, பிறகு மாடல் வாரியாகப் பட்டியல் போட வேண்டிவந்தது. அதற்குப் பின்னும் உங்கள் பெட்டியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் ஊகம் தவறென்றால் மறுத்து எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று. பத்து நிமிடம் தொடாமல் விட்டால் டிஸ்க் தானாகவே சுற்றுவதை நிறுத்திக்கொள்கிறது. கோப்பு வைக்கும் பெட்டிக்கு அது நல்ல குணம். மென்பொருளே அதற்குள் இருக்கும்போது? வாடிக்கையாளரோடு போனில் பேசி முடித்துவிட்டு மவுஸைத் தொட்டால் ஏழு வினாடி எல்லாம் உறைந்து நிற்கும். ஒருமுறை தானியங்கி சேமிப்பும் சரியாக அந்நேரம் வந்து, மென்பொருள் அப்படியே மூடிக்கொண்டது. முதல் நாள் இரவு எடுத்த நகல் இருந்ததால் பிழைத்தேன். அன்று காலை செய்த மூன்று மணி நேர வேலை போனது போனதுதான். அதற்கு நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சேமிக்கும் கோப்பையும் அதே டிஸ்க்கில் வைத்தது என் அசட்டுத்தனம்.

நியாயமாக மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டர் (மாதிரியை இறுதிப் படமாக உருவாக்குவது) ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் டிஸ்க் மேல் குற்றமில்லை. அது பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் செய்யும் வேலை. 2 டெராபைட் என்று வாங்கியது விண்டோஸில் 1.81 என்று தெரிவதையும் நான் புகாராக எழுதவில்லை. நீங்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறீர்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். தட்டு சுற்றும் டிஸ்க் மெதுவாக இருப்பதும் குற்றமில்லை, அதன் இயல்பு அது. அந்த இயல்பு உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வரியை அச்சிட்டதைத்தான் கேட்கிறேன்.

எனக்கு வேண்டியவை மூன்று. டிஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தைத் தர வேண்டும். அல்லது உங்கள் எஸ்எஸ்டி வகை ஒன்றை மாற்றித் தாருங்கள், விலை வித்தியாசத்தை நான் கட்டுகிறேன். இரண்டாவது, "தீர்க்கப்பட்டது" என்று மூடிய புகாரைத் திறந்து, தீராதது என்று பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, இனி வரும் பெட்டிகளில் அந்த வரியை எடுத்துவிட்டு, சுற்றும் வேகம், பதிவு முறை, தற்காலிக இடம் நிரம்பிய பிறகும் நிலைத்து நிற்கும் எழுதும் வேகம் ஆகியவற்றை "5 ஜிகாபிட்" அச்சிட்ட அதே அளவு எழுத்தில் போட வேண்டும். முதலாவதை மட்டும் செய்து என் வாயை அடைத்துவிடலாம் என்று தோன்றினால், தயவுசெய்து மூன்றாவதை முதலில் செய்யுங்கள். என்னைப் போல இடமில்லாத லேப்டாப்போடு அந்த வரியைப் படித்துக்கொண்டு நிற்பவர்கள் இப்போதும் இருப்பார்கள்.

வாங்கிய ரசீதின் நகல், பெட்டியின் ஆறு பக்கப் புகைப்படம், இரண்டு டிஸ்க்கிலும் நேரம் பார்த்த வீடியோ, உங்கள் மூன்று பதில்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பொறுப்பான ஒருவரிடமிருந்து எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பதிலில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டாம். மூன்று கேபிள் மாற்றியாயிற்று.